வெளியே போகாத கையேடு

"அந்த ஆள் இன்னிக்கும் வந்துட்டாரு," என்று போனில் கணவரிடம் கிசுகிசுத்தாள் மிர்லா.

"எந்த ஆள்?"

"வேற யாரு? உங்க சம்பந்தி லெய்சர்தான்."

ஆண்ட்வெர்ப்பில், யூதர்கள் தங்கள் குடும்ப வேர்களைத் தேடி வரும் சின்ன நூலகம் அது. எந்த ஊர்ப் பிறப்பு, இறப்புப் பதிவு எங்கே கிடைக்கும் என்று சொல்லும் கையேடுகள் அங்கே ஏராளம். உட்கார்ந்து படிக்கலாம், வெளியே கொண்டுபோகக் கூடாது. அதைக் காவல் காக்கும் சம்பளமில்லாத உத்தியோகம் மிர்லாவுக்கு.

"படிச்சுட்டுப் போகட்டுமே," என்றார் கணவர் அன்ஷெல்.

"முதல்ல அவங்க ஊர் தார்னோவ் கையேட்டைக் கேட்டாரு. காணோம்னேன். அன்னியிலிருந்து ப்ரோடி கையேட்டைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. எங்க ஊரு!"

"இருக்கட்டுமே."

"எங்க தாத்தா சரக்குக் கடத்தி ஜெயிலுக்குப் போன ஊருங்க அது! பொண்ணு கொடுக்கறதுக்கு முன்னாடி தோண்டறாரு. கல்யாணம் நின்னா நம்ம பையன் யோனா மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"நேராவே கேளேன். கடிச்சா முழுங்கிடப் போறாரு?"

போனை வைத்துவிட்டு லெய்சரின் மேசைக்குப் போனாள்.

"என்ன சம்பந்தி, எங்க வம்சத்துல ஓட்டை ஏதாவது கிடைச்சுதா?"

லெய்சர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்ககிட்ட பேசணும்னுதான் வந்தேன், சம்பந்தியம்மா. கல்யாணத்துல ஒரு சிக்கல்."

"தாத்தா விஷயம்தானே?" வாய் முந்திக்கொண்டது.

"இல்லை, எங்க பொண்ணு லெனி விஷயம். லெனிங்கறது நாங்க வீட்டுல கூப்பிடற பேரு. ஜெப ஆலயத்துல வச்ச பேரு... மிர்லா."

மிர்லா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். யூத வழக்கப்படி மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே பெயர் ஆகாது. அவளுடைய மாமனார் காதில் விழுந்தால் அன்றைக்கே நிச்சயத்தை முறித்துவிடுவார்.

"பயப்படாதீங்க. பொண்ணு பேரோட இன்னொரு பேர் சேர்த்துட்டா போதும்னு ஜெப ஆலயத்து ரப்பி சொல்லிட்டாரு. காலமான பெரியவங்க யாரோட பேராவது வைக்கலாம்னு எங்க கொள்ளுப்பாட்டி பேரைத் தேட வந்தேன். தார்னோவ் கையேடு கிடைக்கலை. அப்பதான் தோணுச்சு, உங்க பக்கத்துப் பேரா இருந்தா இன்னும் அழகுதானேன்னு. ப்ரோடி பதிவெல்லாம் எங்கே இருக்குன்னு பார்த்து எழுதிப் போட்டேன், பதில் வந்துச்சு. உங்க பாட்டி பேரு பெஸ்ஸா. சரிதானே?"

"என்கிட்டயே கேட்டிருக்கலாமே?"

"சிக்கலை மட்டும் சொல்லி உங்க தூக்கத்தைக் கெடுப்பானேன்? வழியையும் சேர்த்துக் கொண்டு வரலாம்னு இருந்தேன்."

"பெஸ்ஸா..." மிர்லா நாற்காலியில் உட்கார்ந்தாள். "எங்க எல்லாருக்கும் பையனாவே பொறந்துச்சு. அந்தப் பேரை வைக்க ஆளே இல்லாம போச்சு."

"இனிமே இருக்கா. பெஸ்ஸா மிர்லா."

"அங்கேயிருந்து... வேற எதுவும் வரலையா?"

"தாத்தா ஜெயிலுக்குப் போனதும் வந்துச்சு. அதை யாரு கேட்டா?" தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தவர் சிரித்தார். "அந்தத் தார்னோவ் கையேட்டை எவன் தூக்கிட்டுப் போனானோ, அவன் நல்லா இருக்கணும். அவனாலதான் இந்தப் பேர் கிடைச்சுது."

கதவு சாத்தும்வரை மிர்லா காத்திருந்தாள். பிறகு தன் கைப்பையைத் திறந்து, நிச்சயம் பேசிய நாளில், பெண் வீட்டு வம்சத்தைத் துருவுவதற்காக அவளே எடுத்து வைத்திருந்த தார்னோவ் கையேட்டை எடுத்து அலமாரியில் வைத்தாள்.