கறுப்பாயிக்கு ஒரு கனடா லைன்

“எங்கூட்டு எருமை கனடாவுக்கு போன் பேசுதுங்க பாய். ஆரம்பிச்சா விடவே விடாது. அதுக்குத் தோதா, சல்லிசா ஒரு லைன் சொல்லுங்க.”

பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டு எதிரில் போன் கடை வைத்திருக்கும் சலாவுதீன், வாய்க்குக் கொண்டுபோன டீயை அப்படியே கீழே வைத்தார். ரீசார்ஜ் கவுண்டரில் இருந்த அவர் மனைவி ஜான் பீ முக்காட்டுக்குள் சிரித்தாள்.

வந்திருந்தவர் முனிராஜ். ரிட்டயர்டு பஸ் டிரைவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு சித்தேரி மலையடிவாரத்தில் தனிக்கட்டை. பிரேக் பிடிக்காத பஸ்ஸை மலை வளைவில் அதட்டியே நிறுத்தியதாகச் சொல்லுவார். அவர் விட்ட கதைகளைத் தராசில் வைத்தால், எதிர்த்தட்டுக்குத் தாலுகாவின் மொத்தப் புளியும் பற்றாது.

“கனடாவுல எருமைக்கு யாரு, சொந்தமா?” என்றார் சலாவுதீன்.

“அது வளர்த்த புள்ளைங்க. சுசித்ரா. ஒரு வகையில எனக்கும் மகதான்.”

“இப்ப எதுல பேசுது?”

“இந்த பட்டன் போன்லதான். வெளிநாட்டுக்குப் போட்டா காசு கற்பூரமாட்டம் கரையுது. நேத்து பாதிப் பேச்சுல பேலன்ஸ் தீந்து அறுந்து போச்சு. அதுலேருந்து கறுப்பாயிக்குத் தொண்டையில தண்ணி எறங்கலை. ராத்திரி பூரா விட்டத்தையே பாத்துட்டுப் படுத்திருந்துச்சு.”

“எருமை எப்படிங்க விட்டத்தைப் பாக்கும்?”

“மல்லாக்கப் படுத்துதான்.”

ஜான் பீ இப்போது வாய்விட்டே சிரித்தாள். சலாவுதீனுக்குச் சிரிப்பு வரவில்லை. கடையில் கூட்டம் இருந்தது.

“மககிட்ட நீங்க பேசணும்னா நேராச் சொல்லுங்க. எருமையை எதுக்கு நடுவுல இழுக்கறீங்க?”

“எனக்கென்ன பேச்சு? டிரைவருடன் பேசாதீர்னு பஸ்லயே எழுதியிருக்கே, படிச்சதில்லையா?”

சலாவுதீன் பெருமூச்சுடன் விவரம் சொன்னார். ஒரு லைனுக்கு மாத வாடகை குறைச்சல், ஆனால் வெளிநாட்டுக்கு நிமிடக் கணக்கு.

“எருமைக்கு வாட்ச் பாக்கத் தெரியாது பாய்.”

“அப்ப வெளிநாட்டு பேக்கேஜோட இன்னொண்ணு இருக்கு. மாசத்துக்கு ஒரே தொகை. கனடாவும் அதுல வருது. எவ்வளவு நேரம் பேசினாலும் அறுந்து போகாது.”

“அறுந்து போகாதா?” முனிராஜ் முன்னால் சாய்ந்தார். “சத்தியமா?”

“சத்தியமா. நெட்டும் சேந்தே வருது. நல்ல போன் ஒண்ணு வாங்கிட்டா வீடியோவுல ஓசியாவே மூஞ்சி பாத்துப் பேசலாமே?”

முனிராஜின் கை சட்டைப் பொத்தானைத் தடவியது. “மூஞ்சி வேணாம் பாய். குரல் போதும்.”

அடுத்த நொடியே பழைய முனிராஜ் ஆகிவிட்டார். “கறுப்பாயி வெக்கப்படுவா!”

சலாவுதீனுக்குப் பொறுக்கவில்லை. “ஐயா, நாளைக்கு நானே வந்து லைன் குடுக்கறேன். உங்க எருமை மட்டும் பேசட்டும், கடையை மூடிட்டு மலை மேல தேன் விக்கப் போறேன்!”

“ஜான் பீ அம்மா, நீங்கதான் சாட்சி,” என்று சொல்லிவிட்டு முனிராஜ் எழுந்தார்.

மறுநாள் சாயங்காலம் சலாவுதீன் போனபோது, வீட்டுக்குள் டிவி ஆளில்லாமல் அலறிக்கொண்டிருந்தது. தின்பதற்கென்று இருந்தது ஒரே ஒரு தட்டு. அதுவும் கழுவிக் கவிழ்த்துக் காய்ந்து கிடந்தது.

“போனை எங்க வெக்கறது?”

“மாட்டுக் கொட்டாயிலதான். பேசறவ அங்கதானே இருக்கா?”

வயரை இழுத்துக் கொட்டாய்க் கம்பத்தில் போனைப் பொருத்தி முடிக்கும்வரை முனிராஜ் வாய் ஓயவில்லை. எண்ணை அழுத்தி ஸ்பீக்கரைப் போட்டதும் மட்டும் சட்டென்று அடங்கிப்போனார். மூச்சுகூட விடவில்லை.

மணி அடித்தது.

“ஹலோ? யாரு?” பெண் குரல்.

முனிராஜ் ஒரு கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டார். மறு கையால் கொஞ்சம் புண்ணாக்கை எருமைக்குக் காட்டி, அது நாக்கை நீட்டியதும் பின்னால் இழுத்தார். கறுப்பாயிக்கு வந்ததே கோபம்! கொட்டாய் அதிர ஒரு கத்து.

“கறுப்பாயி!” போனில் குரல் துள்ளியது. “எப்படிடி இருக்க? கன்னு முட்டுதா? இங்க முழங்கால் வரைக்கும் பனிடி. நேத்து வழுக்கி விழப் பாத்தேன்...”

பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது. குரல் இறங்கும்போதெல்லாம் புண்ணாக்கு வரும், போகும். கறுப்பாயி பதில் சொல்லும்.

“ஐயா, நீங்க பேசுங்க!” சலாவுதீன் கிசுகிசுத்தார்.

முனிராஜ் அவரைக் கொட்டாய் ஓரத்துக்கு இழுத்துப்போய்க் காதோடு சொன்னார்: “நான் ஒரு வார்த்தை பேசினாப் போதும், வெச்சுருவா பாய். அவ கல்யாணத்துலேருந்து எங்க ரெண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. நான் ஹலோன்னாலே கட். ஒரு நாள் இங்க நின்னு போட்டப்ப இவ கத்தினா. அன்னைக்குத்தான் கட் பண்ணலை.”

சலாவுதீன் அவர் தோளைப் பிடித்து மறுபடி கறுப்பாயியின் பக்கத்தில் கொண்டுவந்து விட்டார்.

“கறுப்பாயி,” என்றது போன். குரல் மெல்ல இறங்கியிருந்தது. “முந்தாநாள் ஒண்ணு கேக்க வந்தேன், அதுக்குள்ள அறுந்து போச்சு. தினம் உன் பக்கத்துல மூச்சு விடாம நிக்கறாரே, அவரு பிரஷர் மாத்திரையை ஒழுங்காப் போடறாரா?”

முனிராஜ் கையிலிருந்த புண்ணாக்கு நழுவியது. கறுப்பாயி அதைத் தின்பதில் மும்முரமாகிவிட்டது. பதில் சொல்ல அங்கே வேறு ஆளில்லை.

“தவறாமப் போடறாராம்னு சொல்லுடி, கறுப்பாயி,” என்றார் முனிராஜ்.

லைன் அறுபடவில்லை.

இருட்டிய பிறகு கடைக்குத் திரும்பிய சலாவுதீனைப் பார்த்து, ஜான் பீ கண்ணைச் சிமிட்டினாள். “என்னங்க, எருமை பேசுச்சா?”

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஷட்டரைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

“தேன் எங்க மலிவாக் கிடைக்கும்னு விசாரி, ஜான் பீ.”