சிரிக்க வேண்டிய ஷாட்

மாலையோடு கிடந்த ஜூடித்தின் இமை மறுபடியும் துடித்தது.

“கட்! பொணம் கண்ணை ஆட்டுமா ஜூடித்?” டைரக்டர் கத்தினார்.

பெங்களூரில் எடுக்கும் கன்னட சீரியலின் கதாநாயகி அவள். இன்று அவள் சாகிறாள். பின்னணியில் ஓடும் சோகப் பாட்டும் அவளே பாடியதுதான். இரவே ஒளிபரப்பாக வேண்டும் என்பதால், காலையில் அம்மாவை ஐ.சி.யு.வில் சேர்த்து, தம்பியைத் துணைக்கு விட்டுவிட்டு நேராக வந்திருந்தாள்.

“தமயந்திக்கா, தம்பி போன் பண்ணானா?”

“இல்லம்மா. செல்லு என் கையிலதான் இருக்கு. நீ கண்ணை மூடு,” என்றாள் மேக்கப் போடும் தமயந்தி.

மூடினாள். பாட்டுச் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. இமை மட்டும் அடங்க மறுத்தது.

பாட்டு பாதியில் நின்றது.

“ஓகே, ஆயித்து, முடிஞ்சுதும்மா,” என்றார் டைரக்டர், தணிந்த குரலில். “கிளம்பு. கார் ரெடியா நிக்குது.”

“சார், கண்ணு ஆடிடுச்சே?”

“பரவால்ல.”

“அப்ப சிரிக்கிற ஷாட்?”

பிணமாக நடித்தவர் காட்சி முடிந்ததும் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் அபசகுனம் என்பது சினிமாக்காரர்களின் நம்பிக்கை. ஜெபமாலையைத் தவிர வேறெதையும் நம்பாத அம்மாவுக்கு இந்த ஒன்று மட்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டது.

“இன்னைக்கு வேணாம்மா.”

“ஐயோ சார்! கண்ணைத் திறந்ததும் அம்மா கேக்கப்போற முதல் கேள்வியே, ‘சிரிச்சியாடி?’ன்னுதான்.”

மாலையைக்கூடக் கழற்றாமல் எழுந்து உட்கார்ந்து, கேமராவைப் பார்த்துப் பளிச்சென்று சிரித்தாள்.

கேமராமேன் தலையைக் குனிந்துகொண்டார். தமயந்தி அணைக்க மறந்த செல்லிலிருந்து, தம்பியின் அழுகை கேட்டுக்கொண்டிருந்தது.