ரோஸ் ரிப்பன் தொப்பி

திருப்பதி பஸ் ஸ்டாண்டு வாசலில் உச்சி வெயில். நகரி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கன்னிகா, மொட்டையடித்த மகள் பிரித்திகாவுக்கு ஒரு வைக்கோல் தொப்பி வாங்குகிறாள். அகன்ற விளிம்பின் பின்னல் வழியே வெயில் குழந்தையின் முகத்தில் புள்ளிப் புள்ளியாக விழுகிறது. தலையில் பூசிய சந்தனம் காய்ந்து வெடித்திருக்கிறது. "முடி இல்லாத தலைம்மா, தொப்பி வழுக்கிக்கினு போவும்" என்று சிரித்தபடி, கடைக்காரம்மா ரோஸ் ரிப்பனைத் தாடைக்கு அடியில் முடிச்சிடுகிறாள். "பாப்பாவுக்கு வேண்டுதலா?"

கன்னிகா வாய் திறப்பதற்குள் பிரித்திகா முந்திக்கொள்கிறாள். "அம்மா வேண்டிக்கினதுதான். அம்மாவுக்குப் பதிலா நான் குடுத்துட்டேன்."

"பங்காரு தல்லி! என் தங்கமே!" கடைக்காரம்மா அவள் கன்னத்தைக் கிள்ளுகிறாள்.

மகள் காய்ச்சலில் கிடந்தபோது கன்னிகா பெருமாளுக்கு நேர்ந்துகொண்டது தன் முடியைத்தான். காலையில் மலையில் கத்தியைப் பார்த்ததும், அடுத்த வாரம் வரும் தங்கை கல்யாணம் நினைவுக்கு வந்துவிட்டது. மகளை மொட்டைக்கு உட்காரவைத்துவிட்டு, தனக்கு மூன்று கத்தரி வெட்டு போதும் என்று நுனி முடியை மட்டும் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

பிரித்திகா அண்ணாந்து பார்க்கிறாள். ரிப்பனை அவிழ்க்கிறாள். "நீ போட்டுக்கோம்மா. உனுக்குத்தான் மூஞ்சியெல்லாம் வேர்க்குது."

கன்னிகா குனிகிறாள். சின்னக் கைகள் தொப்பியை அழுத்துகின்றன, அது இறங்கவில்லை. இன்னொரு முறை, பலமாக.

"கொண்டை இடிக்குதும்மா."

நகரி பஸ் வந்து நிற்கிறது. கன்னிகா குனிந்தபடியே இருக்கிறாள்.