கோடு இறங்கவில்லை

“நல்லாப் பாருங்க. கோடு இறங்கலை. ஆனா கீழே பேப்பர் நனைஞ்சிருக்கு. இதுக்கு என்ன அர்த்தம்?”

பல் தேய்த்துக்கொண்டிருந்த ஜீவா, வாயில் நுரையோடு மீன் தொட்டியைக் குனிந்து பார்த்தான். கண்ணாடியில் அவன் மனைவி சுமித்ரா மார்க்கரால் போட்ட கறுப்புக் கோடு. தண்ணீர் அதை ஒட்டியே நின்றது. தொட்டிக்கு அடியில் விரித்திருந்த செய்தித்தாளின் ஒரு மூலை மட்டும் ஊறிப்போயிருந்தது.

“ஒழுகுதுன்னு அர்த்தம்.”

“ஒழுகினா தண்ணி குறையணுமில்ல? பத்து நாளா ஒரு நூல்கூடக் குறையலை. யாரோ பேப்பர் மேல தண்ணி ஊத்துறாங்க.”

“யாரோன்னா? இந்த ஊட்டுல இருக்கறதே மூணு பேரு. மீனையும் சேத்தா ஆறு.”

சுமித்ரா வாசல் பக்கம் பார்த்தாள். அங்கே அவளுடைய மாமனார் அண்ணாமலை மிளகு காயப்போடப் பாயை உதறிக்கொண்டிருந்தார்.

“அட, அப்பாவையா சொல்ற?”

“முந்தாநேத்து விடியக்காலம் சொம்போட தொட்டிகிட்ட நின்னாங்க. என்னைப் பாத்ததும் சொம்பை முதுகுக்குப் பின்னால மறைச்சுக்கிட்டாங்க.”

“தண்ணி குடிக்க வந்திருப்பாரு.”

“குடிக்கிற தண்ணியை எதுக்கு மறைக்கணும்?”

ஜீவா வாய் கொப்பளிக்கப் போய்விட்டான்.

அந்தத் தொட்டி, சுமித்ரா கல்லூரிக் காலத்திலிருந்து சேலத்தில் வைத்திருந்தது. கல்யாணமானதும் எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி அவளோடு கொல்லிமலைக்கு வந்தது. வேனில் தொட்டி பின்னால். மீன்கள் பாலிதீன் பையில், அவள் மடியில்.

அந்தக் குலுக்கலில்தான் கண்ணாடி மூலையில் ஒட்டியிருந்த சிலிக்கான் பசை விட்டுப்போயிருக்க வேண்டும். போன மாதம் ஒழுகி, பக்கத்தில் இருந்த மிளகு மூட்டை பாதி நனைந்துவிட்டது.

அன்றைக்கு அண்ணாமலை போட்ட சத்தம் அடுத்த காடு வரைக்கும் கேட்டது.

“கொழம்புல போடவும் ஆவாத மீனு, அதுக்கு ஒரு கண்ணாடி ஊடு! இன்னொருக்கா ஒழுகுச்சுன்னா இந்தத் தொட்டி இங்க இருக்காது. நான் சொன்னா சொன்னதுதான்!”

சொன்னால் செய்கிறவர். பங்காளி ஜீப்பில் ஏறமாட்டேன் என்று ஒருநாள் சொன்னவர், பதினெட்டு வருஷமாக மழையில் நனைந்துகொண்டு பஸ்ஸுக்குத்தான் நிற்கிறார்.

சுமித்ரா மீன்களைப் பக்கெட்டுக்கு மாற்றினாள். தொட்டியைக் காயவைத்து, போனில் வீடியோ பார்த்து, பழைய சிலிக்கானுக்கு மேலேயே புதிதாக ஒரு பூச்சுப் பூசினாள். மலைப் பனிக்குச் சீக்கிரம் காயாதே என்று இரண்டு நாள் கூடுதலாக விட்டு, தண்ணீர் நிரப்பிக் கோடு போட்டாள்.

“குழாய்த் தண்ணியை உடனே ஊத்தக்கூடாதுங்க மாமா. ஒரு நாள் வெச்சிருந்து ஊத்தினாத்தான் மீனுக்கு ஆகும்.”

“நாங்கெல்லாம் உடனே குடிச்சுத்தான் வளந்தோம்.”

அதன்பிறகு தினமும் காலையில், “பாருங்க மாமா, கோடு அப்படியே இருக்கு” என்று காட்டுவாள்.

“ம்” என்பார். அவ்வளவுதான்.

நாலு நாளாகத்தான் இந்தப் பேப்பர் விவகாரம்.

அன்று மதியம் அண்ணாமலை, மலையிலேயே இன்னொரு பகுதியான தேவனூர் நாட்டில் தங்கை வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பினார். இரவு அங்கேயே தங்கிவிட்டு மறுநாள் வருவதாகச் சொன்னார். வாசலைத் தாண்டுவதற்குள் தொட்டியை இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனதை சுமித்ரா கவனித்தாள்.

“நாளைக்குக் காலையில பேப்பர் காஞ்சு கிடக்கும், பாருங்க. மாமா வந்ததும் நேருக்கு நேரே கேட்டுடறேன்.”

“நனைஞ்சிருந்தா?”

“நானே தொட்டியைத் தூக்கி வெளியே வெச்சிடறேன்.”

“ரெண்டுல எதுவானாலும் சரி, நாளைக்கு எனக்குத் தோட்டத்துல வேலையிருக்கு” என்றான் ஜீவா.

மறுநாள் காலையில் சுமித்ரா எழுந்ததும் தொட்டியிடம்தான் போனாள்.

பேப்பர் முழுக்க நனைந்திருந்தது. தண்ணீர் கோட்டுக்கு ஒரு விரல் கீழே நின்றது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தீனி கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்து, மூன்று மீன்களும் கண்ணாடியருகில் வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

பத்து நாளாக இறங்காத கோடு, ஒரே ராத்திரியில் எப்படி இறங்கும்?

சார்ஜில் கிடந்த ஜீவாவின் போன் அடித்தது. ‘அப்பா’ என்று வந்தது. ஜீவா குளித்துக்கொண்டிருந்தான். சுமித்ரா எடுத்துக் காதில் வைத்தாள். வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து அண்ணாமலையின் குரல், ரகசியமாக:

“டேய் ஜீவா, அந்தப் புள்ள எந்திரிச்சிருச்சா? என் கட்டிலுக்கு அடியில ஒரு குடம் இருக்குது. நேத்தே புடிச்சு வெச்ச தண்ணிதான், மீனுக்கு ஒண்ணும் ஆவாது. சொம்புல மொண்டு, சரியா கோடு வரைக்கும் ஊத்தி வுட்டுரு. கீழ இருக்கற பேப்பரையும் மாத்திப்போடு. அதத்தான் நான் மறந்து மறந்து போயிடறேன்.”

சுமித்ரா போனோடு போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

“பழசச் சுரண்டாம மேலயே பூசியிருக்குது. எங்க புடிக்கும்? ஆனா ஒழுகறது நின்னுருச்சுன்னு தெனமும் எவ்வளவு சந்தோசமாக் காட்டுது! நீ அதுகிட்ட ஒண்ணும் சொல்லிப்போடாத.”

குளியலறையில் தண்ணீர் சத்தம் நின்றது.

“என்னடா, பேசக் காணோம்? சீக்கிரம் போயி ஊத்துடா சாமி. இன்னொருக்கா ஒழுகுனா தொட்டி இங்க இருக்காதுன்னு சொல்லித் தொலைச்சுட்டேன். நான் சொன்னா சொன்னதுதானே!”