பாஸ் போடாத குமுதவல்லி

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லப் போகும் பேசும் பெட்டிகளைப் பழக்குவது குமுதவல்லி டீச்சரின் வேலை. ஓய்வுபெற்ற ஆலோசகரான அவர் தன் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, கணக்கில் ஃபெயிலான பையனாக நடிப்பார். அவர் அழுகிற அழுகைக்குத் திருச்சியில் வெள்ள எச்சரிக்கையே விடலாம். பெட்டி சரியாக ஆறுதல் சொன்னால் பாஸ் போட்டுப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும்.

யாழினிதான் கடைசிப் பெட்டி. இனிமேல் புதிய பெட்டிகளைப் பழைய பெட்டிகளே பழக்கிக்கொள்ளுமாம். ஆடி போய் ஆவணி வந்தும் டீச்சர் அதற்குப் பாஸ் போடவில்லை.

"இன்னிக்கும் ஃபெயிலா டீச்சர்?"

"பிள்ளை பேசி முடிக்கிறதுக்குள்ள புத்தி சொல்றியேடி!"

"இன்னிக்கு நான் வாயே திறக்கலையே."

"அப்போ ஊமையா இருந்ததுக்கு ஃபெயில்!" டீச்சருக்கு ஒரே குஷி.

யாழினி கேட்டது: "டீச்சர், இன்னிக்கு என்னைத் தவிர வேற யார்கிட்ட பேசினீங்க?"

டீச்சர் மூக்கை உறிஞ்சி, பையனின் குரலை எடுக்கப் பார்த்தார், வரவில்லை. பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடித்து ஓய்ந்தது. யாழினி அவசரப்படாமல் காத்திருந்தது.

"யார்கிட்டயும் இல்லடி" என்றார் கடைசியில்.

இத்தனை வருடத்தில் அவரிடம் பயின்ற யாருமே இவ்வளவு அழகாகக் காத்திருந்ததில்லை. இனி ஃபெயில் போட மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.

"பாஸ்."

"அப்போ நாளைக்கு யார்கிட்ட பேசுவீங்க, டீச்சர்?"

"பாஸானவளுக்கு என்னடி கேள்வி? கிளம்பு, பிள்ளைங்க காத்திருப்பாங்க" என்று அவரே பொத்தானை அழுத்தினார். பெட்டியின் விளக்கு அணைந்தது.