மூன்றாவது வளைவு

சிவசண்முகம் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆனாலும் சரவணம்பட்டி வீட்டு மாடியில், பலகையில் போட்ட பந்தயத் தடத்தின் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு அவருடைய சிவப்பு ஸ்லாட் கார், கையளவு மின்சாரப் பொம்மைக் கார், ஞாயிறுதோறும் ஓடியது. உயிரோடு இருந்தபோது வேக விசையை அழுத்தி அவர் விரல் அதை எப்படி விரட்டியதோ, அப்படியே பதிவு செய்து வைத்திருந்த கருவி ஓட்டியது.

மூன்றாவது வளைவில் அவர் ஒருநாளும் வேகத்தைக் குறைத்ததில்லை. கார் தூக்கியடித்து வெளியே விழும். "எடுத்து வெய்யி, சீக்கிரம்!" என்று கத்துவார். மெதுவாகப் போகச் சொன்னால், "விழாம போறதுக்கு டவுன் பஸ்ஸுல போலாமே" என்பார். முப்பத்தொரு வருஷம் அந்த வளைவில் நின்று எடுத்து வைத்தவள் அவர் மனைவி சுகன்யா. செத்த பிறகும் அவர் விழுந்தார், அவள் எடுத்து வைத்தாள்.

இந்த வாரம் கார் விழவே இல்லை.

"புது வெர்ஷன் போட்டுட்டேன்மா" என்றான் மகன் தருண். "அப்பா பண்ற தப்பையெல்லாம் திருத்திருச்சு. இனி நீ நிக்க வேண்டாம், உக்காரு."

"பழசையே போடு."

"அது அழிஞ்சிருச்சும்மா. ஏன், இப்ப அப்பா ஜெயிக்கறாருல்ல?"

சுகன்யா வளைவுக்குப் போய், வந்த காரை விரலால் தட்டிவிட்டாள். விழுந்ததை எடுத்து வைத்தாள்.

அடுத்த சுற்றில் மறுபடி விரலை நீட்டினாள். கார் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்தது. அவள் விரலுக்கு ஒரு சாண் தள்ளி நின்று, கையை எடுக்கும்வரை காத்திருந்தது.

"பாத்தியா, என்ன மரியாதை!" என்று சிரித்தான் தருண்.

முப்பத்தொரு வருஷத்தில் சிவசண்முகம் ஒருநாளும் அவளுக்காகக் காத்து நின்றதில்லை.