வாசலில் இரண்டு பேர்

ஜெரால்டு எழுதிய வரையும் செயலி படத்தைச் சேமித்து வைக்காது. விரல் அசைவுகளை மட்டும் ஒன்றுவிடாமல் வைத்துக்கொண்டு, திறக்கும்போதெல்லாம் அவற்றை முதலிலிருந்து ஓடவிட்டுப் படத்தை உண்டாக்கும்.

அவன் குளிக்கப் போனதும் மனைவி ஸ்டெல்லா அதைத் திறந்தாள். அவனும் அலுவலகத் தோழி வானதியும் சேர்ந்து வரைந்த வீடு கோடுகோடாக எழுந்தது. அவன் நீலம், வானதி சிவப்பு. நீலம் வாசலில் ஓர் ஆணையும் பெண்ணையும் நிறுத்தியது. சிவப்பு வந்து பெண்ணுக்குப் பூ வைத்தது. பிறகு நீலமே இருவரையும் அழித்தது.

“வீடு கேக்குதா ரெண்டு பேருக்கும்?” ஸ்டெல்லா கருப்பு நிறத்தை எடுத்து வாசலைக் கிறுக்கித் தள்ளினாள். தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் அவசரமாக அழித்தாள். வாசல் பழையபடி பளிச்சென்று இருந்தது.

“நல்லாருக்குல்ல?” தலையைத் துவட்டியபடி ஜெரால்டு பக்கத்தில் உட்கார்ந்தான். “எப்படி வரைஞ்சோம்னு பாரு,” என்று முதலிலிருந்து ஓடவிட்டான்.